டேட்டிங் ஆப்களில் புகைப்பட வெரிஃபிகேஷன்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

படத்தில் இருப்பவர் அவரேதானா என்று ஆப் சோதித்துக் கொடுக்கும் நீல டிக் இல்லாத ப்ரொஃபைலுக்கு நான் இப்போது பதில் போடுவதில்லை. டிக் இருக்கிறது என்பதற்காக யாரையும் நம்பிவிடுவதும் இல்லை. சில வருடங்களாக இந்த ஆப்களில் இருந்து பார்த்து வந்து சேர்ந்த இடம் இது.

இந்தப் புகைப்பட வெரிஃபிகேஷனை பம்பிள் ஆப் 2016-இல் கொண்டுவந்தது, டிண்டர் ஆப் 2020-இல் அறிவித்தது. அப்போதெல்லாம் திரையில் ஒரு போஸ் காட்டுவார்கள். அதே மாதிரி நின்று செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். இப்போது பல ஆப்களில் வீடியோ செல்ஃபி. முட்டை வடிவக் கோட்டுக்குள் முகத்தைக் கொண்டுவரச் சொல்லும், அப்புறம் போனைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தச் சொல்லும். எதிரில் இருப்பது நிஜ ஆளா, இன்னொரு திரையில் ஓடும் படமா என்பதை முதலில் பார்க்கிறது. பிறகு அந்த முகத்தை எண்களாக மாற்றி, ப்ரொஃபைலில் இருக்கும் படங்களோடு ஒப்பிடுகிறது.

ஒரு ஆப்பில் என்னையே நான் இல்லை என்று சொல்லிவிட்டது. காரணம் சொல்லவில்லை; உதவிக்கு எழுதினால் தானியங்கி பதில்தான் வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட படத்தையும், முகம் பாதி மறைந்த ஒரு படத்தையும் எடுத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. நிராகரிக்கப்பட்டவர்கள் முதலில் வெளிச்சத்தையும் படங்களையும் மாற்றிப் பாருங்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய பலன், மேட்ச் ஆனவரிடம், அதாவது இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று குறித்தவரிடம், வெரிஃபை செய்யச் சொல்லிக் கேட்கும் வசதி. ஒருவர் கேமரா பழுது என்றார். ஆனால் தினமும் காலையில் புதுப் படம் அனுப்புவார், எல்லாமே ஸ்டூடியோவில் எடுத்தது போல. ஆப் வழியாக வேண்டுகோள் அனுப்பினேன்; அன்றே மேட்சை நீக்கிவிட்டுப் போய்விட்டார். வாரக்கணக்கில் பேசிப் பழகிய பிறகு தெரியவேண்டிய விஷயம் ஒரே நாளில் தெரிந்தது. அடுத்தவர் படத்தைத் திருடி வைத்திருப்பவர்களை இது நன்றாகவே வடிகட்டுகிறது.

சொந்த முகத்தோடு பொய் சொல்பவர்களை வடிகட்டாது. டிக் வாங்கிய ஒருவரோடு நீண்ட நாள் பேசினேன். வீடியோ காலில் அதே முகம், புருவத்துக்கு மேலே இருந்த மச்சம் உட்பட. பேசுவது மட்டும் எப்போதும் அலுவலக நேரத்தில். சனி ஞாயிறுகளில் ஆளே இருக்க மாட்டார். நேராகக் கேட்டபோதுதான் கல்யாணமானவர் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அது நிஜமாகவே வலித்தது. அந்த டிக் அவர் பெயரையோ வேலையையோ குடும்பத்தையோ சோதிக்கவில்லை. முகமும் படமும் ஒன்றா என்று பார்த்தது, அவ்வளவுதான். அதனால் பணப் பேச்சு வந்தால் டிக் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில்தான், அதுவும் தோழி ஒருத்திக்குத் தகவல் சொல்லிவிட்டு.

கொடுத்த செல்ஃபி எங்கே போகிறது என்ற கவலையும் எனக்கு உண்டு. டேட்டிங் பாதுகாப்புக்கென்றே வந்த 'டீ' ஆப்பிலிருந்து 2025 ஜூலையில் சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் ஏறக்குறைய 13,000, வெரிஃபிகேஷனுக்காகப் பெண்கள் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைப் படங்களும். அதற்குப் பிறகு, முகத் தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், கணக்கை நீக்கினால் அதுவும் அழியுமா என்று படித்துப் பார்க்காமல் எந்தப் புது ஆப்பிலும் வெரிஃபை செய்வதில்லை. முகம் மட்டும் போதும் என்னும் இடத்தில் அடையாள அட்டையைக் கொடுப்பதும் இல்லை.

2025-இல் டிண்டர் கலிஃபோர்னியாவில் புதிதாகச் சேருபவர்களுக்கு முக வீடியோவைக் கட்டாயமாக்கியது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் எல்லாருக்கும் டிக் வந்துவிட்டால், எது சோதிக்கப்பட்டது, எப்போது சோதிக்கப்பட்டது என்பது இன்னும் முக்கியமாகிவிடும். டிக்கைத் தொட்டதும் 'முகம் மட்டும்' என்றோ 'அடையாள அட்டையும்' என்றோ, சோதித்த மாதத்தோடு காட்டினால் போதும். இதை ஆப்களுக்குக் கருத்தாக எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.