இசை, பாடல், குரல்... நாகசுரம் எங்கே? பாட்டைப் பற்றி எழுதும் முறைகள்

'சிங்காரவேலனே தேவா' பாட்டுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னால் பெரும்பாலான ரசிகர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்: படம் கொஞ்சும் சலங்கை, 1962. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. பாடல் கு.மா.பாலசுப்பிரமணியம். குரல் எஸ்.ஜானகி. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் நாகசுரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலம் எங்கே போனார்? அந்தக் குரலோடு வரிக்கு வரி போட்டிபோடும் நாகசுரம் யாருடையது என்று சொல்லாத குறிப்பை அவர் ஊர் இருக்கும் சேரன்மகாதேவிப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வரவேண்டியதுதான்.

பாட்டைப் பற்றி எழுத ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். எது அழகு, எது சுருக்கம் என்பதைவிட, எந்த முறையில் எழுதினால் யார் விடுபட்டுப் போகிறார் என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் கட்டம் போட்டு எழுதுவதா, வாக்கியமாக எழுதுவதா என்பது. கட்டத்தில் வசதி அதிகம். நூறு பாட்டை வரிசைப்படுத்தலாம், ஆண்டு வாரியாகப் பிரிக்கலாம், கண்ணை ஓட்டினாலே வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் இசை, பாடல், குரல் என்று மூன்றே கட்டம் போட்டால் வாசித்தவருக்கு இடமே இல்லை. வாக்கியத்தில் அவரைச் சேர்த்துவிடலாம். ஆனால் எழுதுகிறவர் மறந்தால் அங்கேயும் விட்டுப்போகும், விட்டுப்போனது கண்ணில் படவும் செய்யாது. கட்டமாவது காலியாக இருந்து உறுத்தும். அதனால் என் ஓட்டு கட்டத்துக்கே, 'வாத்தியம்' என்று நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொண்டால். எல்லாப் பாட்டுக்கும் அதை நிரப்ப முடியாது. இந்தப் பாட்டுக்கு நிரப்பாமல் இருக்கக் கூடாது.

நாகசுரமா நாதஸ்வரமா, ரஹ்மானா ரகுமானா என்ற சண்டைகளில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதினால் போதும். ஜானகியைச் சானகி என்று எழுதும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கொள்கை எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஆட்களின் பெயரில் கைவைக்க எனக்கு மனசில்லை.

முதலெழுத்து விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. 'எம்.எஸ்.வி.' என்று மூன்றெழுத்தில் முடிப்பது கைக்குச் சுலபம், வாசகருக்கும் பழக்கம். ஆனால் 1965 வரை வந்த எத்தனையோ படங்களில் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரண்டு பெயரில் வந்தது. 1964-இல் வந்த கர்ணன் பாட்டுக்கு 'இசை எம்.எஸ்.வி.' என்று எழுதினால் டி.கே.ராமமூர்த்தி காற்றோடு போய்விடுகிறார். முழுப்பெயர் எழுதும் முறையில் இந்தத் தப்பு தானாகவே குறைகிறது. படத்தின் டைட்டிலில் எப்படிப் போட்டார்களோ அப்படி முழுதாக முதல்முறை எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். பட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். இசைஞானி, இசைப்புயல், மெல்லிசை மன்னர் எல்லாம் அன்பில் வந்தவை, ஒருமுறை சொன்னால் இனிக்கும். வரிக்கு வரி வந்தால் ஃபிளெக்ஸ் போர்டு வாசிக்கிற மாதிரி ஆகிவிடும்.

ராகம் எழுதுவதில்தான் இரண்டு கட்சிக்காரர்களும் நன்றாக மோதிக்கொள்கிறார்கள். ஒரு கட்சி ராகத்தின் பெயரை மட்டும் போடும்: 'சிங்காரவேலனே – ஆபேரி'. இன்னொரு கட்சி மேளகர்த்தா எண்ணும் (எந்தத் தாய் ராகத்தின் கீழ் வருகிறது என்று சொல்லும் எண்) சுரமும் வேண்டும் என்னும். அதெல்லாம் வித்வான்களுக்கு, நமக்கெதற்கு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் நம் நெல்லைச் சீமையிலேயே இதற்கு ஒரு வழக்கு கிடக்கிறது. எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் கொண்டுவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் ஆபேரி 20-ஆவது மேளத்தின் கீழ் வருகிறது, அதில் 'த' சுரம் தாழ்ந்த வகையான சுத்த தைவதம். எட்டயபுரத்திலேயே 1835-இல் காலமான முத்துசுவாமி தீட்சிதரின் 'வீணாபேரி' கீர்த்தனை அந்த ஆபேரிதான். இன்று கச்சேரியில் 'நகுமோமு' பாடும்போது நாம் கேட்கும் ஆபேரி 22-ஆவது மேளமான கரகரப்பிரியாவின் ஜன்யம் (கிளை ராகம்), சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதத்தோடு வருவது. சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். ஆக, வெறும் பெயரை எழுதினால் எட்டயபுரத்து ஆபேரி ஒன்று இருந்த சுவடே தெரியாது. சுரம் ஏறி இறங்கும் வரிசையான ஆரோகண அவரோகணத்தை முழுதாக எழுதினால் பாதி வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் மேள எண்ணை மட்டும் போடுவது நடுவழி: ஆபேரி (22). சினிமாப் பாட்டு ராகத்தை விட்டு அடிக்கடி வெளியே போய்வருவதால், சந்தேகம் வந்தால் 'ஆபேரிச் சாயல்' என்று எழுதுவது இன்னும் நேர்மை.

சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை என்ற பழந்தமிழ்ப் பெயர்களிலேயே எழுதவேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். சாம்பவர்வடகரையில் பிறந்து, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலைக் கொண்டுவந்த ஆபிரகாம் பண்டிதரின் சீமையில் இருந்துகொண்டு அதை மறுத்துப்பேச எனக்குத் தைரியம் இல்லை. கட்டுரைக்கு அது சரி. பட்டியலுக்கு ச ரி க ம போதும்.

இப்போது சொன்ன சாம்பவர்வடகரை எந்த மாவட்டம்? 2019 வரை திருநெல்வேலி, இப்போது தென்காசி. எட்டயபுரம் 1986 வரை திருநெல்வேலி, இப்போது தூத்துக்குடி. ஊர்ப்பெயருக்கு இன்றைய மாவட்டத்தைப் போடுகிறவர்களுக்குத் தபால்காரர்வரை ஆதரவு உண்டு, வழி கேட்டுப் போகிறவருக்கும் அதுதான் உதவும். ஆனால் காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியாரை எழுதிப் பாருங்கள். பிறந்த சென்னிகுளம் தென்காசி மாவட்டம். ஆதரித்த ஊற்றுமலை ஜமீனும் அங்கேதான். அவர் பாடிய முருகன் இருக்கும் கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம். ஒரு மனிதர் பக்கத்துக் கோயிலைப் பாடியதை மாவட்டம் தாண்டிப் போய்ப் பாடினார் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. காருகுறிச்சியாரும் அப்படித்தான்: பிறந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம், பின்னாளில் குடியிருந்த கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். பழைய ஆட்களுக்கு 'நெல்லைச் சீமை' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கிராமத்தின் பெயரோடு பக்கத்துப் பெரிய ஊரையும் சொல்லிவிட்டால் வழியும் தப்பாது.

வில்லுப்பாட்டுக்கு வரும்போது மேலே சொன்ன எந்த முறையும் அப்படியே ஒத்துவராது. சினிமாப் பாட்டைப் பல்லவியின் முதல் வரியால் அடையாளம் சொல்கிறோம். கோயில் கொடையில் (ஊர்த் திருவிழாவில்) இரவு முழுக்கப் பாடும் சுடலைமாடன் கதைக்கு எது முதல் வரி? தொடக்கத்தில் பாடும் காப்புப் பாட்டு எல்லாக் கதைக்கும் வரும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கதையின் பெயர், கோயில், ஊர், ஆண்டு, பாடிய புலவர் என்று எழுதுவதுதான் பயன்படும். அதே கதையை இன்னொரு புலவர் அடுத்த ஊரில் வேறு மாதிரி நீட்டியிருப்பார், ஆகவே ஊரும் ஆண்டும் இல்லாத குறிப்பு அரைகுறைக் குறிப்புதான்.

கேட்டதை எழுத்தில் இறக்கும்போது இன்னொரு பிரிவினை. புலவர் 'சொல்லுதான்' என்று பாடியதைச் 'சொல்கிறான்' என்று திருத்துகிறவர்கள், எல்லா ஊர்க்காரரும் படிக்கவேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கட்டுரைக்குள் நாம் எழுதும் வாக்கியத்துக்கு அது பொருந்தும். பாட்டு வரிக்குப் பொருந்தாது. 'சொல்லுதான்' இருந்த இடத்தில் 'சொல்கிறான்' வந்தால் புலவரின் வாய்மொழியும் ஓசையும் போய்விடும். பாடினபடியே எழுதிவிட்டு, புரியாத சொல்லுக்குக் கீழே ஒரு வரி விளக்கம் போடலாம்.

அப்புறம் குடம் அடித்தவர், உடுக்கை அடித்தவர், பின்பாட்டுக்காரர் பெயர்கள். கொடை நோட்டீஸில் பெரும்பாலும் புலவர் பெயரும் 'குழுவினர்' என்ற சொல்லும் மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் நாமும் 'குழுவினர்' என்றே முடிப்போம். விடியற்காலையில் வில்லை அவிழ்க்கும் நேரத்தில் போய்க் கேட்டால் ஒவ்வொருவரும் அவரவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள், நாலு பெயர் எழுத ஐந்து நிமிஷம் ஆகாது.