முட்டு யார்டா, ரெண்டு பக்கமும் திறந்ததா?

தர்மபுரியில் எங்கள் மாடி அறையில் கிடைத்தது எட்டடிப் பலகை. அதில் மாடல் ரயிலுக்கு 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) நாலு லைன் கூட்ஸ் யார்டு, அதாவது சரக்கு வேகன்களை நிறுத்திப் பிரிக்கும் இடம், போடலாம் என்றதுமே மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

அவனுக்கு இரண்டு முனையும் திறந்த யார்டு வேண்டுமாம். சின்ன வயதில் ஓமலூர்–ஓசூர் பாதையில் கூட்ஸ் எண்ணிய ஆள், ஆசை வரத்தான் செய்யும். ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போகும், என்ஜின் உள்ளே மாட்டாது, அழகுதான். ஆனால் கணக்கு உதைக்கிறது: ஒரு முனைக்கு மூன்று பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்), இரண்டுக்கும் ஆறு, ஒவ்வொன்றும் சுமார் 23 செ.மீ. தின்றால் 244 செ.மீ. பலகையில் மிஞ்சுவது ஒரு மீட்டர் சொச்சம். ஆறு வேகன் நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு முனை மூடிய முட்டு யார்டுக்கு மூன்றே பாயிண்ட், செலவும் பாதி, பத்து வேகன் நிற்கும். என்ஜின் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மை. வால்பக்கம் இழுக்க ஒரு ஷண்டிங் என்ஜின் தனியாக வேண்டும். வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரிக்க யார்டு வாயில் விடும் தனி லைன்தான் ஷண்டிங் நெக்; அது இரண்டு வகை யார்டுக்குமே தேவை, அதை மூலை வளைவில் மெயின் லைன் ஓரமாகக் கொண்டுபோகலாம். அது குட்டையானால் ஒவ்வொரு தடவையும் மெயின் லைனை மறிப்போம்.

1:160 என்றால் அதே பலகை கிட்டத்தட்ட இருமடங்கு நீளம் மாதிரி, அப்போது மச்சான் சொல்வதே சரி. வாங்கி வைத்திருக்கிற வேகனெல்லாம் 1:87 ஆயிற்றே! முட்டு யார்டுக்கே கோடு போட்டுவிட்டேன், அவன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான்.