விம் மோட்லைன்: வேலை தெரிந்தது, ஆனால் வாய் திறக்காது

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்கு, கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் செட்டிங் வரிதான் மோட்லைன். அதற்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

பெல்லந்தூரில் எங்கள் டீமில் ஒன்பது பேர். பதினோரு வருஷமாக நான் விம் கட்சி. டேப் தட்டினால் நாலு ஸ்பேஸ் விழும்படி செட்டிங் வைத்திருக்கிறேன், அதுதான் வினை. புரோகிராமை பில்டு செய்யும் 'மேக்' கருவிக்கான எங்கள் விதிகள் ஒரு தனிக் கோப்பில் இருக்கின்றன. எந்தப் புண்ணியவானோ அதன் பெயரை டாட் ஐஎன்சி என்று முடித்துவிட்டார். அது மேக் கோப்பு என்று விம்முக்குத் தெரியாது. மேக்குக்கோ கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். நான் ஒரு வரி சேர்த்தால் போதும், 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று பில்டு நின்றுவிடும்.

மோட்லைன் இதற்கென்றே பிறந்தது. ஹேஷ் போட்டு ஒரு கமெண்ட்; அதில் விம், முக்காற்புள்ளி, ஒரு ஸ்பேஸ், எஃப்டி=மேக் (எஃப்டி என்றால் ஃபைல்டைப், கோப்பு வகை). திறந்ததும் நிறம் வந்தது, டேப் டேப்பாகவே நின்றது. மேக்குக்கு அது வெறும் கமெண்ட், கண்டுகொள்ளாது.

சரி, குறைக்கு வருவோம். முதல் ஐந்து வரியையும் கடைசி ஐந்து வரியையும்தான் விம் பார்க்கும். கோப்பின் தலையில் இருக்கும் பன்னிரண்டு வரி லைசென்ஸுக்குக் கீழே எழுதிவிட்டு அரை மணி நேரம் முழித்தேன். கடைசி வரிக்கு மாற்றியதும் சரியானது. அடுத்த வாரம் டீம் தம்பி அதற்கும் கீழே எட்டு வரி ஒட்டிவிட்டான். "அக்கா, ஏதோ பழைய கமெண்டுன்னு நினைச்சேன்."

அப்புறம் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் சர்வர். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. 'செட் மோட்லைன்' என்று கேள்விக்குறியோடு கேட்டால்தான் 'நோமோட்லைன்' என்கிறது. டெபியன் லினக்ஸிலும் உபுண்டுவிலும் மோட்லைனை அணைத்தே தருகிறார்கள். ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கில் நுழைந்தால் விம்மே அணைத்துவிடும். காரணம் இருக்கிறது. 2019-ல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டையில், மோட்லைன் வைத்த சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தாலே உள்ளிருந்த கட்டளை ஓடியது. விம் 8.1.1365-ல் அடைத்தார்கள். இன்றும் ஊர் பேர் தெரியாத கோப்பு என்றால் மோட்லைனை அணைத்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

விஎஸ் கோடு என்ற வேறு எடிட்டர்காரர்களுக்கு எக்ஸ்டென்ஷன் போடாமல் இந்த வரியால் பயனில்லை. அதனால் ரெப்போ முழுக்க இண்டென்ட்டுக்கு, பல எடிட்டர்களும் படிக்கும் பொது செட்டிங் கோப்பான எடிட்டர்கான்ஃபிக் வைத்துவிட்டோம்; விஎஸ் கோடில் அதற்கும் எக்ஸ்டென்ஷன் வேண்டும்தான். மோட்லைன் அந்த டாட் ஐஎன்சிக்கு மட்டும். இப்போது லைசென்ஸுக்கும் மேலே, முதல் வரியில் இருக்கிறது. தம்பி கை அங்கே போகாது.