காற்று இறங்கிய பிறகும் பிடிப்பது எது? ரயில் பெட்டி பிரேக்குகளோடு 32 வருட அனுபவம்

1990-ல் ரயில்வேயில் கலாசியாக, அதாவது உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு ஃபிட்டர், கடைசியில் சீனியர் டெக்னீஷியன். 2022-ல் ஓய்வு. நடுவில் சில வருடம் வெளியூர் யார்டுகள், மற்றபடி நாகர்கோவில் பக்கம்தான். தண்டவாளத்துக்கு நடுவே பள்ளம் வெட்டிய பிட் லைனில் இறங்கி நின்றால் தலைக்கு மேலே லிவர், புல் ராட், பின், பிரேக் பீம், பிரேக் கட்டை என்று ஒரு பெரிய இரும்புக் குடும்பமே தொங்கும். அதில் யார் யார் சொன்ன சொல் கேட்டார்கள், யார் பாடாய்ப் படுத்தினார்கள் என்பதை எழுதுகிறேன். நம் மாவட்டத்திலிருந்து இந்த வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஏர் பிரேக்கைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காற்றால் பிரேக் பிடிக்க வழி கண்டார். சில வருடத்திலேயே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், காற்று குறைந்தால் பிடிக்கும். இன்றைக்கும் அதே தத்துவம்தான். நம் வண்டிகளில் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம், தொட்டியை நிரப்பும் ஃபீட் பைப்பில் 6 கிலோ. டிரைவர் பிரேக் பைப் காற்றைக் குறைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு அதை உணர்ந்து, பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்த்து வைத்த காற்றை சிலிண்டருக்கு அனுப்பும். பிஸ்டன் வெளியே வரும். காற்றின் வேலை அத்தோடு முடிந்தது. அந்தப் பிஸ்டனிலிருந்து சக்கரம் வரைக்கும் இருப்பது முழுக்க இரும்பு. என் 32 வருடமும் அந்த இரும்போடுதான் கழிந்தது.

சக்கரத்தை அழுத்திப் பிடிப்பது பிரேக் கட்டை. நான் சேர்ந்த புதிதில் அது வார்ப்பிரும்பு. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி ஒன்றுக்கு எட்டுச் சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு கட்டை, ஆக 16. இருபது பெட்டி ரேக் என்றால் 320 கட்டை. கனமோ கனம். தேய்மானமும் அதிகம். அதன் இரும்புத்தூள் பெட்டிக்கு அடியில் படியும். கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி உப்புக் காற்றில் நின்றுவிட்டு வந்தால் அந்தத் தூள் முழுக்கச் செந்துருவாகியிருக்கும். வேகமாக ஓடும்போது பிடி குறைவு, வேகம் குறையக் குறையப் பிடி கூடும் என்பது வார்ப்பிரும்பின் குணம். பழைய வண்டிகளில் நிற்கும் கடைசி நொடியில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது அதனால்தான். ஆனாலும் ஒரு நல்லது உண்டு. அது சக்கரத்தின் முகத்தைச் சுரண்டிச் சுரண்டி சுத்தமாக வைத்திருக்கும், மழை நாளில் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு பல பொருள் கலந்து செய்த காம்போசிட் கட்டை வந்தது. கனம் வெகுவாகக் குறைந்தது, அதிக நாள் உழைத்தது, எந்த வேகத்திலும் பிடி ஏறக்குறைய ஒரே மாதிரி. முதுகுவலியோடு வேலை பார்த்த எங்களுக்கு அது பெரிய நிம்மதி. குறை என்று பார்த்தால் சூடு. வார்ப்பிரும்பு சூட்டை வாங்கிக்கொள்ளும். காம்போசிட் வாங்காது, அத்தனையும் சக்கரத்துக்கே போகும். பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடிய பெட்டி வந்தால் சக்கர முகத்தில் நீலம் பாய்ந்திருக்கும், சில நேரம் மயிரிழை விரிசலும் தெரியும். கருகிய வாடை பெட்டி வருவதற்கு முன்னால் வந்துவிடும். வண்டி உள்ளே நுழையும்போதே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்போம். நின்றதும் புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்போம். பிற்காலத்தில் தொடாமலே சூடு காட்டும் தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். அது வந்த பிறகும் என் புறங்கை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இனி, நான் அதிகம் மதிக்கும் சாமான்: ஸ்லாக் அட்ஜஸ்டர். எங்கள் பேச்சில் 'சாப்'. அதைச் செய்த சுவீடன் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் அவை. கட்டை தேயத் தேய சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி கூடும். பிஸ்டன் இன்னும் அதிக தூரம் வெளியே வர வேண்டும். சிலிண்டரில் காற்று நிரப்ப வேண்டிய இடம் கூடுவதால் அழுத்தம் இறங்கும், பிடி தளரும். சாப் இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடித்து விடும்போதும் புல் ராட்டை, அதாவது கட்டையை இழுக்கும் கம்பியை, தானாகவே கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். புதுக் கட்டை போட்டு இடைவெளி குறைந்துவிட்டால் நீட்டியும் கொடுக்கும். கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். ஒரு உருளை, உள்ளே ஸ்ப்ரிங்குகள், மரை, கிளட்ச். அவ்வளவுதான். அஸ்ஸாம் திப்ருகரிலிருந்து சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடி கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸை நினைத்துப் பாருங்கள். நாலு நாளாக வழிநெடுகப் பிரேக் பிடித்துப் பிடித்துக் கட்டை தேய்கிறது. ஓடுகிற வண்டிக்கு அடியில் இறங்கி யாரும் பின் மாற்ற முடியாது. இடைவெளியை ஓட்டத்திலேயே சரிக்கட்டும் இப்படி ஒரு கருவி இல்லாமல் இந்தத் தூரத்துக்குப் பெட்டி ஓட்ட முடியாது.

சாப் பழுதானது என்று கழற்றப்பட்டவற்றில் பல உண்மையில் நல்லவை. தப்பு 'ஏ' அளவில் இருக்கும். உருளைக்கும் கண்ட்ரோல் ராட் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. போகி என்று நாங்கள் சொல்வது பெட்டியைத் தாங்கும் நாலு சக்கர அடிச்சட்டத்தை. ஐ.சி.எஃப்.பில் அச்சுக்கு 13 டன் தாங்கும் போகிக்கு 16 மி.மீ., 16.25 டன் தாங்கும் போகிக்கு 22 மி.மீ. இந்த அளவு கூடினால் கட்டை தள்ளி நிற்கும், பிடி குறையும். குறைந்தால் கட்டை உரசிக்கொண்டே ஓடும். கண் மதிப்பில் வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அளவு பார்க்கும் கேஜ் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். இன்னொன்று சக்கரம். புதுசில் 915 மி.மீ. விட்டம், கடைந்து கடைந்து 825 வரை இறங்கும். சக்கரம் சிறிதானால் கட்டை அதைத் தேடிப் போக வேண்டும். அதற்குப் புல் ராட்டில் பின்னை அடுத்த ஓட்டைக்கு மாற்றிவிட வேண்டும். அதைச் செய்யாமல் சாப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

போகியிலேயே சிலிண்டர் வைத்த பெட்டிகள் வந்தபோது வேலை பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. முன்பு பெட்டியின் அடிச்சட்டத்தில் இரண்டு பெரிய 355 மி.மீ. சிலிண்டர், அங்கிருந்து நீளமான கம்பிகள். இப்போது போகிக்கு இரண்டாகப் பெட்டிக்கு நாலு சின்ன சிலிண்டர், ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ளேயே. பின், புஷ் எண்ணிக்கை குறைந்தது. பின் குறைந்தால் கழன்று விழ இருக்கும் சாமானும் குறைந்தது என்று அர்த்தம். ஓடும்போது ஒரு பிரேக் பீம் கீழே தொங்கி, தண்டவாளம் பிரியும் பாயிண்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கட்டை மாற்றவும் சுலபம். ஐ.சி.எஃப். பெட்டிகளில் நான் வேலை பார்த்ததிலேயே இதுதான் சிறந்தது.

ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புது வகை எல்.எச்.பி. பெட்டியின் டிஸ்க் பிரேக் பயணிக்கு ரொம்ப சுகம். அச்சுக்கு இரண்டு டிஸ்க், 640 மி.மீ. விட்டம். சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அந்த அச்சின் காற்றை மட்டும் நொடியில் விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. மழையில் வண்டி நிற்கப் போகும்போது அடியிலிருந்து 'புஸ், புஸ்' என்று கேட்டால் பயப்படாதீர்கள், அதுதான் வேலை செய்கிறது. சக்கரம் தேய்ந்து தட்டையாகிக் 'கடக் கடக்' என்று ஓடும் தொல்லை இதனால் நன்றாகக் குறைந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பிரேக் பிடித்தால் சிவப்பு, விட்டால் பச்சை காட்டும் சின்னக் கண்ணாடி இருக்கிறது. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே ஒரு ரேக் முழுக்கப் பார்த்துவிடலாம், அதை யோசித்தவருக்குப் புண்ணியமாகப் போகும். ஆனால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டை மாற்றுவது லேசான வேலை இல்லை. 35 மி.மீ.யில் தொடங்கும் பேட் 7-க்கு வந்தால் கழற்றியே ஆக வேண்டும். அது சக்கரத்துக்கு உள்பக்கம் ஒளிந்திருக்கிறது. நல்ல வெளிச்சமும் பிட்டும் இல்லாமல் அதன் தேய்மானத்தை நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

சரக்கு வேகன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலுக்கு ரேஷன் அரிசி வேகனில் வரும், இறக்கி லாரியில் பள்ளிவிளைக் கிடங்குக்குப் போகும். மூடிய வேகன் காலியாக 25 டன் சொச்சம், நிறைந்தால் 80 டன் தாண்டும். இரண்டுக்கும் ஒரே பிடி பிடித்தால் ஆகாது. அதனால் பழைய வேகன்களில் பக்கத்தில் காலி, லோடு என்று மாற்றும் கைப்பிடி இருக்கும். அரிசியை இறக்கிய பிறகு கைப்பிடி லோடிலேயே கிடந்தால், காலி வேகன் பிரேக் பிடித்ததும் சக்கரம் சுற்றாமல் இழுபடும், தட்டையாகும். மாறி, காலியில் கிடக்க லோடு ஏற்றினால் இன்னும் மோசம், பிடி போதாது. எடையை உணர்ந்து தானே மாறிக்கொள்ளும் கருவி புது வேகன்களில் வந்துவிட்டது. பழையவை இருக்கும்வரை கைப்பிடியைப் பார்க்காமல் ரேக்கை விடக் கூடாது.

கடைசியாகக் கை பிரேக். என் அனுபவத்தில் இதைவிட எளிமையான, இதைவிடக் கவனிப்பாரற்ற பிரேக் வேறு இல்லை. ஒரு வீல், ஒரு திருகு, லிவர். வீலைச் சுற்றினால் காற்றே இல்லாமல் அதே கட்டை அதே சக்கரத்தைப் பிடிக்கும். எஞ்சின் கழன்று போன பிறகு காற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எந்த வண்டியும் காற்றை என்றென்றைக்கும் வைத்திருக்காது. கனடாவில் லாக்-மெகாண்டிக் என்ற ஊரில் 2013 ஜூலையில் நடந்தது இதுதான். 72 டேங்கர் கச்சா எண்ணெயோடு சரிவில் நிறுத்திய வண்டியின் எஞ்சினில் தீப்பிடித்து, அதை அணைத்தபோது எஞ்சினையும் நிறுத்திவிட்டார்கள். காற்று இறங்கியது. ஏழு கை பிரேக் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தது, அது போதவில்லை. 47 பேர் உயிர் போயிற்று. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில் ஜம்மு பக்கம் கதுவாவில் நின்ற 53 வேகன் ஜல்லி வண்டி ஆளே இல்லாமல் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி பஞ்சாபுக்குள் போய்த்தான் நின்றது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சரிவு என்றால் மலைச் சரிவு என்று நினைக்க வேண்டாம். ஸ்டேஷன் யார்டில் 400 அடிக்கு ஒரு அடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது விதி. 1,200-க்கு ஒன்று இருந்தால் நல்லது என்பார்கள். ரோலர் பேரிங் போட்ட வேகன் அவ்வளவு லேசாக உருளும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை பிரேக் பிடிக்காத காலி வேகனுக்கு அந்தக் காற்று போதும்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், வெளியூர் யார்டு ஒன்றில் ஒரு வேகனை நிறுத்தி வீலை முழுக்கச் சுற்றினேன். இறுகியது போலத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் வேகன் நகர ஆரம்பித்தது. முப்பது நாற்பது அடி போய், முன்னால் போட்டிருந்த மரக்கட்டையில் முட்டி நின்றது. குனிந்து பார்த்தால் நடுவில் ஒரு பின்னே இல்லை, எப்போதோ விழுந்திருக்கிறது. வீலுக்கும் கட்டைக்கும் சம்பந்தமே இல்லாமல் துருப்பிடித்த திருகு மட்டும் இறுகியிருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பாதையில் கொஞ்சம் தள்ளி ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்கூட இருந்த மூத்த ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர், திட்டவில்லை. "மக்கா, வீலு இறுகுனா பத்தாது. கட்டை சக்கரத்தைப் பிடிச்சிருக்கான்னு போய்த் தொட்டுப் பாக்கணும்" என்றார். "சரி அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தொடாமல் விட்டதில்லை.

கடற்கரை ஊரில் கை பிரேக்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு மழைக்கும் முன்னால் திருகின் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து கிரீஸ் வைக்க வேண்டும். வீலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதியோடு நிறுத்தக் கூடாது. பின் கழலாமல் காக்கும் காட்டர் என்ற சின்னக் கம்பி பிளந்து மடக்கியிருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும், பெயின்ட் பூச்சு கண்ணை ஏமாற்றும். நிறுத்திய வண்டிக்கு மரக்கட்டையும் பூட்டுப்போட்ட சங்கிலியும் தனி. பிரேக் இறுகிய பிறகு சுத்தியலால் பிரேக் கட்டையை லேசாகத் தட்டுங்கள். பிடித்த கட்டை 'தொப்' என்று அடங்கின சத்தம் கொடுக்கும். பிடிக்காத கட்டை 'கலகல' என்று ஆடும். சுற்றிலும் எஞ்சின் இரைச்சல் இருந்தாலும் இந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும்.