டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமல் வீட்டுக்கு வராதீர்கள்

இரண்டாவது முறை உண்டாகியிருக்கிறேன். புது டாக்டர் என் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "நீங்களே கேட்டுத்தான் சிசேரியன் பண்ணிக்கிட்டீங்களாம்மா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில், ஆபரேஷனுக்கான காரணம் என்ற இடத்தில் 'மெட்டர்னல் ரிக்வெஸ்ட்' என்று இருக்கிறது. அதாவது, தாயே விரும்பிக் கேட்டாராம். இரண்டரை வருடமாக அந்தத் தாள் என் பீரோவில்தான் கிடந்தது.

அப்போது 37 வாரம் முடிந்து இரண்டு நாள். வலியே வரவில்லை. எங்கள் ஊர் தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு, ரிஸ்க் வேண்டாம்" என்றார்கள். தொப்புள்கொடி சுற்றியிருப்பதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டியதில்லை. மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று பாட்டிகள் சொன்னதே, அப்படிப் பல குழந்தைகள் வீட்டிலேயே பிறந்ததால்தானே! அன்று இதெல்லாம் தோன்றவில்லை. அடுத்து நர்ஸ் என் மாமியாரிடம், "நல்ல நேரம் ஏதும் பாக்கணுமாம்மா?" என்று கேட்டார். அத்தை ஜோசியருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை காலை 9.15 என்றார். வீட்டுக்காரர், அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்த 9.15தான் என் 'ரிக்வெஸ்ட்' ஆகியிருக்கிறது.

வலி வராமல், 39 வாரத்துக்கு முன்பே எடுத்தால் குழந்தையின் நுரையீரலில் நீர் தங்கி மூச்சு வாங்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகன் நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழும். எனக்கு எட்டாம் நாள் தையலில் சீழ் வைத்து மறுபடி அட்மிஷன். 70,000 ரூபாய் பேக்கேஜ் என்றது 1,85,000இல் முடிந்தது.

இப்போது நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே ஆழமாகப் பதிந்துவிட்டால் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆகலாம்.

சிசேரியனே தப்பு என்று சொல்ல வரவில்லை. என் அக்காவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருந்தது. ஆபரேஷன்தான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36.

கையெழுத்துப் போடுவதற்கு முன் காரணத்தை எழுதச் சொல்லிப் படியுங்கள். நல்ல நேரம் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சைக் குறிப்புகளை, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். "ரெக்கார்டு ரூம் சாவி வச்சிருக்கறவர் லீவு" என்கிறார்கள்.