பழைய வேட்டியை நம்பிக் கொடுக்கலாம்: தேக்கா மாடியில் ஒரு தையல் கடை

நாலு முழ வேட்டிகள் மூன்றைப் பக்கவாட்டில் இணைத்து, மேல் விளிம்பில் கம்பி நுழைய ஒரு உறை தைக்க வேண்டும். கேட்டால் அரை மணி நேர வேலை. ஆனால் அவை என் அப்பாவின் வேட்டிகள். 40 வயதுக்கு மேல் ஆன பருத்தி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இரண்டு இடங்களில் "கிழிஞ்சா நாங்க பொறுப்பில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் மாடியில் ஒரு தையல்காரர் மட்டும் வாங்கி மடியில் விரித்தார்.

எதற்கு இத்தனை பாடு என்றால், எங்கள் வட்டாரச் சமூக மன்றக் கண்காட்சிக்காக டோபி காட் பற்றி ஒரு துணிச்சித்திரம் செய்துகொண்டிருந்தேன். இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கிற அந்த இடத்தில் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்துப் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது. வெள்ளை வேட்டியே அந்தப் புல்வெளியில் காயும் துணியாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதன் மேல் சொட்டு நீலம் தோய்ந்த கறைகள், சலவை ரசீது மாதிரி பழுப்புத் தாள் துண்டுகள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் ஓட்டுத்தையல். கைத்தையல் எல்லாம் நானே ஆறு மாதம் உட்கார்ந்து போட்டேன். மூன்றரை மீட்டர் அகலத்தை நேராக இணைக்க மட்டும் என் வீட்டுச் சின்ன மெஷினும் என் கண்ணும் போதவில்லை.

தேக்கா என்றால் பலருக்கும் கீழே மீனும் கறிவேப்பிலையும், பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகளும்தான். 1982இல் கட்டடம் திறந்தபோது பெயர் ஜூஜியாவ் சென்டர். 2000ஆம் ஆண்டில்தான் மக்கள் வாயில் இருந்த தேக்கா பலகைக்கும் வந்தது. மாடி ஏறினால் வேறு உலகம். சேலை, சுடிதார், ஜரிகைக் கரை, ஃபால்ஸ், நடுநடுவே ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே உள்ள தையல் கடைகள். நான் சொல்லும் கடையும் அந்த அளவுதான், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும்.

அவர் முதலில் செய்தது மெஷினில் இருந்த ஊசியைக் கழற்றியது. ஜீன்ஸ் மடிக்கப் போட்டிருந்த 16ஆம் நம்பர் ஊசி இந்தத் துணியில் பொத்தல் போட்டுவிடும் என்று 9ஆம் நம்பருக்கு மாற்றினார். பிறகு மேல்நூலைத் தளர்த்தி, என் வேட்டியைத் தொடாமல் மெல்லிய லைனிங் துண்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஓட்டிப் பார்த்தார். சுருக்கம் விழுந்தது. மேசையடியில் இருந்து பட்டர் பேப்பரை எடுத்து நீளநீளமாகக் கிழித்துத் துணிக்கு அடியில் வைத்துத் தைத்தார். துணியை நகர்த்தும் மெஷின் பல் துணியைக் கவ்வாமல் தாளைக் கவ்வியது, தையல் கோடு போட்டதுபோல் வந்தது. தைத்து முடித்ததும் தாளை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிழித்து எடுத்தார், நூல் அசையவில்லை.

ஓரம் மடிக்கும்போதுதான் நான் இந்தக் கடைக்கு ஆயுள் வாடிக்கையாளர் ஆனேன். ஒரு வேட்டியின் மூலையில், ஊரில் வெளுத்த காலத்துச் சலவைக்குறி இருக்கிறது: இரண்டு புள்ளி, குறுக்கே ஒரு கோடு. சேராங்கொட்டைச் சாற்றில் போட்டது. சுண்ணாம்பு பட்டால் கறுத்து நிலைத்துவிடும், எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. துணி நைந்துவிட்டது, குறி நையவில்லை. கறை என்று நினைத்து யாரும் உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். அவர் கையை நிறுத்தி, "இது உள்ள போயிடும்மா, வெளிய தெரியணுமா?" என்றார். தெரியணும் அண்ணே என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மடிப்பை மறுபக்கம் திருப்பி, அந்த மூலையில் மட்டும் அகலத்தைக் குறைத்துத் தைத்தார். என் படைப்பு முழுவதற்கும் மையம் அந்தக் குறிதான், சுற்றிலும் நான் கறுப்பு நூலில் போட்ட குறிகள் அதைப் பார்த்து எழுதியவை.

கம்பி நுழையும் மேல் உறையைப் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் தைத்து வாங்கினேன். சட்டமிடாமல் இப்படித் தொங்கவிடுவதற்கு ஒரு பழைய காயம் காரணம். முன்பு ஒரு சிறு படைப்பைச் சட்டமிடக் கொடுத்தேன், கடை எங்கே என்பது வேண்டாம். பசை தெளித்து அட்டையில் ஒட்டி, கண்ணாடியைத் துணிமேல் அழுத்திக் கொடுத்தார்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே காற்று புகாவிட்டால் பூஞ்சை வரும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என் பட்டுத்துணியில் புள்ளி புள்ளியாக வந்தது. பசையை எடுக்கவும் வழியில்லை. அன்று அழுதேன். அதிலிருந்து பெரிய துணியைக் கம்பியில் தொங்கவிடுகிறேன். சட்டம் அவசியம் என்றால் துணி போர்த்திய பலகையில் தைத்து நிறுத்தி, கண்ணாடி தொடாதபடி ஓரத்தில் கட்டை வைக்கச் சொல்கிறேன்.

குறை சொல்ல வேண்டுமென்றால், கடையில் பாலியெஸ்டர் நூல்தான். நைந்த பழைய பருத்தியை அந்த உறுதியான நூல் நாளடைவில் அறுத்துவிடலாம். கையோடு பருத்தி நூல் கொண்டுபோங்கள், முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார். எம்ப்ராய்டரி நூலும் அங்கே கிடைக்காது. டிஎம்சி போன்ற ஆறு இழை நூலுக்கு நான் பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட்டுக்குப் போகிறேன். டோபி காட் நிலையத்துக்கு மேலேயே இருக்கும் கடை, இந்த வேலைக்கு நூல் வாங்கும்போதெல்லாம் அது மனதில் நின்றது. மாடிக் கடைகளில் துணி வாங்கினால், காட்டன் என்று சொன்னாலும் ஓரத்தில் ஓர் இழை உருவி வீட்டில் எரித்துப் பாருங்கள். பருத்தி தாள் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகும்.

கூலி 35 வெள்ளி கேட்டார். நான் கூடுதலாக நீட்டியதை வாங்கவில்லை. தீபாவளிக்கு முன் போகாதீர்கள், ரவிக்கைகள் கூரைவரை குவிந்திருக்கும், இப்படி நிதானமாகத் தைக்க அவருக்கு நேரம் இருக்காது. நான் போனது பொங்கல் கழிந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு.