பாம்புப் பெட்டிக் கதவு: டஃபனா, லேமினேட்டடா?

எங்கள் வீட்டில் இருப்பது பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். (நம்மூர் மலைப்பாம்பை 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது. இது வெளிநாட்டு இனம், 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்கிறேன்.) அதன் நான்கடிப் பெட்டிக்கு இரண்டு ஸ்லைடிங் கண்ணாடி போட வேண்டியிருந்தது.

சாதா கண்ணாடி பேச்சுக்கே வராது, உடைந்தால் ஒவ்வொரு துண்டும் கத்தி. அக்ரிலிக் கீறும், பாம்பு மூக்கால் முட்டினால் வளைந்து, இரண்டு கதவுக்கும் நடுவே வழியும் விடும்.

முதலில் 5 எம்எம் டஃபன் (toughened) கண்ணாடி வாங்கினேன். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துக் குளிரவைப்பதால் சாதாவைவிட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தாலும் கற்கண்டு மாதிரி கட்டிகட்டியாக உதிரும். நான்தான் உயரத்தை ஒரே பக்கம் அளந்திருந்தேன். பெட்டியின் மறுபக்கம் 3 எம்எம் குறைவு. கண்ணாடி, அது ஓடும் பள்ளமான சேனலில் ஏறவில்லை. "இனிமே இதுல கட்டர் வைக்க முடியாது சார், வச்சா மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடும்" என்றார் கடைக்காரர்.

அங்கேதான் மனம் மாறியது. மொத்தமும் கொட்டுவது பாத்ரூம் கதவுக்கு நல்லது, ஆளுக்கு ஆழமாக வெட்டு விழாது. பாம்புப் பெட்டிக்கு அப்படியில்லை. டஃபனுக்கு விளிம்புதான் பலவீனம்; ஸ்லைடிங் கதவில் தினமும் இடிபடுவதும் விளிம்பேதான். ராத்திரி ஒரு மூலை போனால் கதவே இருக்காது. பாம்பு நடமாடும் நேரம் அது. கண்ணாடிக் கட்டிகள்மேல் வயிறு உரச ஊர்ந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

லேமினேட்டட் என்பது இரண்டு 3 எம்எம் கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம், மொத்தம் 6.38 எம்எம். கார் முன்கண்ணாடி இந்த வகைதான். கடைக்காரர் கழிவுத் துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். சிலந்தி வலையாக விரிசல் ஓடியது, துண்டு மட்டும் கையில் அப்படியே நின்றது. புதுக் கண்ணாடி வரும்வரை கதவு கதவாக இருக்கும், எனக்கு அது போதும். அளவுக்கு வெட்டவும் முடிகிறது: இரண்டு பக்கமும் கட்டர் இழுத்து, தட்டிப் பிளந்து, நடுப்படலத்தை பிளேடால் அறுத்துக் கொடுத்தார்.

குறையும் உண்டு. ஒரு கதவே ஐந்து கிலோவுக்கு மேல். 6 எம்எம் சேனலில் நுழையாது, 8 எம்எம் தேடி அலைந்தேன். அடி தாங்குவதில் லேமினேட்டட் டஃபனுக்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளைகள் பந்தடிக்கும் ஹாலென்றால் யோசியுங்கள். சூட்டு பல்பைக் கண்ணாடியை ஒட்டி வைப்பவர்களுக்கும் டஃபனே சரி. சென்னை வெயிலில் எனக்கு பல்பு தேவைப்படவில்லை, அதனால் அந்த அனுபவம் இல்லை. அப்புறம் ஈரம். பெட்டிக்குள் தெளிக்கும் தண்ணீர் சேனலில் தேங்கினால் படலத்தின் விளிம்பு வெளுக்கலாம். தினமும் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒன்றரை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை, ஐந்து வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

டஃபன் இரண்டும் அட்டைக்குள் பரணில் கிடக்கின்றன. யாரிடமாவது இரண்டு பக்கமும் சரியாக 560 எம்எம் உயரமுள்ள பெட்டி இருந்தால் சொல்லுங்கள்.